துண்டுக்கடியில் பத்து

1

இந்தக் கதையை எழுதத் தொடங்கி இருபத்து மூன்று நாளும் ஏழு மணி நேரமும் ஆகின்றன. இதுவரை ஒரு மனிதர் ஒரு மேடையின் படியில் ஏறியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

எங்கிருந்து வந்த கதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் ஏதோ ஒரு குத்துச்சண்டைப் படம் ஓடியது. யாருக்கும் யாருக்கும் சண்டை என்று நினைவில்லை. நடுவில் நடுவர் கையை உயர்த்திச் சண்டையை நிறுத்தினார். கயிற்றுக்கு வெளியிலிருந்து வழுக்கைத் தலையுள்ள ஒருவர் ஏறி வந்தார். சண்டைக்காரரின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். புருவத்தை விலக்கிப் பார்த்தார். ஏதோ கேட்டார். தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். சண்டை தொடர்ந்தது. படத்தைப் பின்னால் நகர்த்தி மறுபடி பார்த்து எண்ணினேன். எட்டு நொடி.

அந்த எட்டு நொடியில் அவர் எதைப் பார்த்தார்? பார்த்ததையெல்லாம் சொன்னாரா? இரண்டாவது கேள்வி என்னை விடவில்லை.

அந்த வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் தேடினேன். 'வளையத்தோர மருத்துவர்' என்று எழுதிப் பார்த்தேன். திருவிழாவில் வளையல் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போலிருந்தது. 'கள மருத்துவர்' என்றால் ஒருவருக்குப் போர்க்களம் தோன்றும், இன்னொருவருக்கு நெல்லடிக்கும் களம் தோன்றும். டாக்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். கதையில் ஒரே டாக்டர்தான்; குழப்பம் வராது.

இடம் கம்பம். எனக்கு வேறு பக்கம் அவ்வளவாகத் தெரியாது. காலம் 1937, தை மாதம். டாக்டரிடம் கருவிகள் குறைவாக இருக்க வேண்டும், அவர் தம் கண்ணையும் விரலையும் நம்பியே வேலை செய்ய வேண்டும் என்று விரும்பினேன். அந்த ஆண்டு கம்பத்தில் அப்படி ஒரு சண்டை நடந்ததா என்று யாரும் தேட வேண்டாம். நடக்கவில்லை. கொட்டகை போட்டது நான்.

2

தொடக்கங்கள்.

"சங்கிலி மேடையேறியபோது கம்பம் பள்ளத்தாக்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு —"

[விட்டுவிட்டேன். பள்ளத்தாக்கு மூச்சு விடாது.]

"எல்.எம்.பி. படித்த டாக்டர் கர்ணன், பிழைப்புக்காகக் கம்பத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. அவருக்குச் சொந்த ஊர் —"

[இங்கே பேனா நின்றது. நான்கு நாள் நின்றது. ஊரை இப்போதைக்கு எழுதாமல் விடுகிறேன். ஏன் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.]

மூன்றாவது தொடக்கம் நிலைத்துவிட்டது. அது இப்படி:

மாயக்காள் டிஸ்பென்சரிக்குள் வந்தபோது டாக்டர் கர்ணன் மருந்து மிக்சர் புட்டிகளில் அளவுத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணி இருக்கும். கூடலூரிலிருந்து வண்டியில் வந்திருந்தாள். வண்டியை வாசலில் நிறுத்தாமல் புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லியிருந்தாள். சங்கிலியின் மனைவி என்று அவளே சொன்னாள். சங்கிலி யார் என்று சொல்லவில்லை. அந்த வாரம் கம்பத்தில் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை; சுவருக்குச் சுவர் அவன் பெயர்தான் ஒட்டியிருந்தது.

டாக்டர் பெஞ்சைக் காட்டி, என்ன செய்கிறது என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் செய்யல," என்றாள். "நாளைக்குச் சண்டைக்கு முன்னாடி நீங்கதேன் அவுகளப் பாப்பீகளாமே."

"ஆமாம். எடை, நாடி, நெஞ்சு, கை, கண் எல்லாம் பார்க்கணும். சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன்."

"நல்லாப் பாருங்க."

"பார்க்காமல் இருப்பேனா?"

அவள் சேலை முந்தானையின் ஓரத்தைச் சுருட்டி விரித்தாள். "டாக்டரு வேணாம்னு சொல்லிட்டா அவுக கேட்டுக்கிருவாக. நாஞ் சொன்னா கேக்க மாட்டாக. அதேன் சொல்றேன், நல்லாப் பாருங்க."

மறுபடி வண்டியேறிப் போய்விட்டாள். அவள் போன பிறகு டாக்டர் கையிலிருந்த அளவுத் தாளைத் தலைகீழாக ஒட்டியிருந்ததைக் கண்டு, உரித்து, திரும்ப ஒட்டினார்.

* முதல் வரைவில் அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்: "அவுகளுக்கு எடது கண்ணு தெரியல." கதை பதினான்காவது வரியிலேயே முடிந்துபோனது. அதனால் அவள் வாயை நான்தான் மூடினேன். அது எனக்கு உறுத்தியது. ஒரு பெண்ணை வசதிக்காகப் பேசாமல் வைக்கக் கூடாது. பிறகு அவளுக்கே ஒரு காரணம் கிடைத்தது. சங்கிலி அவளிடம், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறான்: கண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது. 'நல்லாப் பாருங்க' என்று சொல்லக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை. அவள் அந்த இடைவெளி வழியாகத்தான் கம்பம் வரை வண்டியில் வந்தாள்.

3

சங்கிலி பதினெட்டு வயதில் கோலார் தங்கவயலுக்குப் போனான். அங்கே சுரங்கத்தில் வேலை செய்த ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கையுறை மாட்டிச் சண்டை போட்டார்கள். கற்றுக்கொண்டான். பிறகு சுரங்கத்தை விட்டுவிட்டுச் சண்டையையே தொழிலாக்கிக்கொண்டான். பெங்களூர், மதராஸ், கொழும்பு. பதினான்கு சண்டையில் பதினொன்று வெற்றி.

கூடலூரில் யாரும் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவனைப் பெற்ற அய்யா களத்துமேட்டில் நாலு பேர் கேட்டால், "எங்கிட்டோ போயி அடி வாங்கிப் பெழைக்கிறான்" என்பார். எதிரில் நிற்கிறவனுக்கும் அடி விழும் என்பது அவருக்குத் தெரியாது. பொன்னுராஜ் என்பவர் கம்பத்தில் கொட்டகை போட்டுச் சண்டை நடத்தப்போகிறார் என்று சேதி வந்தபோது, சங்கிலி கடிதம் எழுதித் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டான். ஒரே ஒரு தடவை சொந்த மண்ணில். அதன்பின் கையுறையைக் கழற்றிவிடுவதாக மாயக்காளிடம் சொல்லியிருந்தான்.

கடிதம் எழுதும்போது இரண்டு கண்ணும் தெரிந்தது. அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு சண்டையில், எதிராளியின் கட்டைவிரல் இடது கண்ணில் இறங்கியது. ஒரு வாரம் கழித்து அந்தக் கண்ணில் மூலையிலிருந்து ஒரு கறுப்புத் திரை எழும்பத் தொடங்கியது. பத்து நாளில் முழுக்க மூடியது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் எந்தக் குறையும் தெரியாது. கண்பாப்பாவும் வெள்ளையும் அப்படியே இருந்தன. உள்ளே விழித்திரை, ஈரச்சுவரிலிருந்து காகிதம் உரிவதுபோல, உரிந்து தொங்கியது.

ஒரு கண்ணோடு வாழலாம். நிறையப் பேர் வாழ்கிறார்கள். சண்டை வேறு. கண்ணுக்குத் தெரிந்து வரும் குத்துக்குக் கழுத்து தானாக இறுகும், முகவாய் தானாக ஒடுங்கும். தெரியாத பக்கத்திலிருந்து வரும் குத்துக்குத் தலை தயாராக இருக்காது. தயாராக இல்லாத தலைக்குள் மூளை குலுங்கும். டாக்டர் சண்டைக்கு முன்னால் கண்ணைப் பார்ப்பது இதற்காக. கண்ணுக்காக மட்டும் இல்லை.

சங்கிலியின் கண் விஷயம் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி மாயக்காள். இன்னொருவர் அவளுடைய அண்ணன் ராக்கையா, கூடலூரில் மாட்டுத் தரகர். சண்டையன்று சங்கிலியின் மூலையில் தண்ணீரோடும் துண்டோடும் நிற்கப் போவது அவர்தான். தங்கச்சி அழுதபோது அவர் சொன்ன சமாதானம் இது: எதுக்கு அழுகுற, அங்கன டாக்டரு இருக்காரு, அவரு வேணாம்னா எறக்கிருவோம். அதை நம்பித்தான் மாயக்காள் அழுகையை நிறுத்தினாள்.

4

மாடு பிடிக்கிற சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவரின் தரகரும் வாங்குகிறவரின் தரகரும் கை கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு. ஐந்தையும் விரித்துப் பிடித்தால் ஐந்து. ஐந்தையும் மடக்கி முட்டியாக அமுக்கினால் பத்து. ஒவ்வொரு சந்தைக்கும் கணக்கு கொஞ்சம் மாறும் என்கிறார்கள். என் கதைக்கு இந்தக் கணக்கு.

சண்டையன்று பிற்பகல் மூன்று மணி. கொட்டகைக்குப் பின்னால் கீற்று மறைப்பு. பெஞ்சில் சங்கிலி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ராக்கையா குத்துக்காலிட்டு, அவன் கையில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டிருந்தார். வியர்வை துடைக்க என்று தோளில் கிடந்த துண்டு, இருவர் கைமேலும் விழுந்து கிடந்தது. பொன்னுராஜ் சான்றிதழ்த் தாளோடு நின்றார்.

டாக்டர் எடை பார்த்தார். நாடி அறுபத்து நான்கு. நெஞ்சில் கோளாறு இல்லை. பட்டி சுற்றாத கையை வாங்கி ஒவ்வொரு விரல் முட்டியாக அழுத்திப் பார்த்தார். பிறகு கண்.

இடது கையால் சங்கிலியின் இடது கண்ணை மூடி, வலது கை விரல்களைக் காட்டினார். ரெண்டு, நாலு, ஒண்ணு. விரல் விரிந்தவுடன் பதில் வந்தது.

வலது கண்ணை மூடினார்.

"இது?"

"மூணு."

"இது?"

"ஒண்ணு."

"இது?"

"நாலு."

எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு பதிலும் அரை மூச்சுத் தாமதமாக வந்தது. டாக்டர் எல்லா விரலையும் மடக்கி மூடிய கையைக் காட்டினார். அது படிக்கும்போது ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்த வழி. பார்வை இல்லாமல் ஊகித்துச் சொல்கிறவன் ஒன்று முதல் ஐந்து வரை எதையாவது சொல்வான். ஒன்றுமே இல்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டான்.

ராக்கையா அந்த மூடிய கையைப் பார்த்தார். அவருடைய விரல் பாஷையில் பூஜ்யம் கிடையாது. எந்த மாட்டையும் யாரும் பூஜ்யத்துக்குக் கேட்பதில்லை. அவர் கண்டது ஒரு முட்டி. கண்டதை அப்படியே சொன்னார். துண்டுக்கடியில் மாப்பிள்ளையின் ஐந்து விரலையும் மடக்கி அமுக்கினார்.

"பத்து," என்றான் சங்கிலி.

பொன்னுராஜ் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். ஒரு கையில் பத்து.

டாக்டர் சங்கிலியைப் பார்க்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கொட்டகைக் கயிறு முளையில் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தார். ஒரு நொடி, இரண்டு நொடி.

அதற்குள் அந்த அமைதியே சங்கிலிக்குச் சேதி சொல்லிவிட்டது. கையை அமுக்கிய பிடியின் பொருளும் உறைத்தது. சிரித்தான். "என்ன டாக்டரய்யா, மூடுன கையக் காட்டி எத்தனைன்னு கேட்டா? அதேன் பத்துன்னேன், வெளையாட்டுக்கு."

"எம் மாப்ளைக்கு வாய்க் கொழுப்புங்கய்யா," என்றார் ராக்கையா. "கோலாரு போயிப் படிச்சது அது ஒண்ணுதேன்."

பொன்னுராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

[அவர் ஏன் கயிற்று முடிச்சைப் பார்த்தார் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது. கை எழுதியது, விட்டுவைத்தேன்.]

இப்போது ஊர் விஷயம். என் குறிப்பேட்டில் இரண்டு ஊர் இருக்கிறது.

ஒன்று தஞ்சாவூர். டவுனுக்குள் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் மகன். மாட்டுச் சந்தைப் பக்கம் போனதே இல்லை. கைமேல் கிடந்த துண்டு அவருக்கு வெறும் துண்டு. 'பத்து' அவருக்கு உறுத்தியிருக்கும். ஆனால் வேடிக்கை என்று சொன்னதை நம்பிவிடலாம். ஏமாந்த மனிதர். அவர்மேல் பரிதாபப்படலாம்.

இன்னொன்று இங்கிருந்து நாற்பது மைலுக்குள். ஆண்டிபட்டி. மாட்டுத் தரகர் வீடு. அந்த வீட்டில் பிறந்த ஒருவருக்கு 'பத்து' என்ற சொல் காதில் விழுந்ததுமே துண்டுக்கடியில் கை எப்படி மடங்கியது என்று தெரிந்துவிடும். வேடிக்கை என்பதை அவர் நம்ப முடியாது. அவர் தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்.

பிறந்த ஊரை மாற்றினால் போதும், அதே கையெழுத்து வேறு கையெழுத்தாகிவிடுகிறது. ஒருவரை நல்லவராக வைக்க அவரை எங்கே பிறக்க வைக்கலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அது சரியான வேலையாகப் படவில்லை. எனவே எழுதாமல் விட்டேன்.

5

ஒரு திருத்தம். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் அறிவியல் படித்தவள். கண்ணைச் சோதிக்க விரலே வேண்டாம் என்று எனக்குத் தெரியும். ஒரு டார்ச் போதும். வெளிச்சத்தை நல்ல கண்ணில் காட்டினால் இரண்டு கண்ணின் பாப்பாவும் சுருங்கும். அங்கிருந்து வெளிச்சத்தைச் சட்டென்று குருட்டுக் கண்ணுக்கு மாற்றினால், சுருங்க வேண்டிய பாப்பா விரியும். ஆள் பொய் சொல்லலாம், மச்சான் விரலைப் பிடிக்கலாம். பாப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. 1937-இல் டாக்டர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

முதல் வரைவில் ஒரு வரி இருந்தது: "டாக்டரின் டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருந்தது." படிக்கிறவர்கள் கேட்காமல் இருக்கட்டும் என்று எழுதியது. பேட்டரியைத் தீர்த்தவள் நான்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். டார்ச் எரிகிறது. அது அவருடைய பையில், கை எட்டும் தூரத்தில், அன்று பிற்பகல் முழுக்க இருந்தது. அவர் எடுக்கவில்லை.

6

மணி நான்கரை. கூடலூரிலிருந்து மட்டும் முப்பது வண்டி வந்திருந்தது. மேற்கே மலைப்பக்கம் கொட்டகையின் படுதாவைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். வெயில் நேராக மேடையில் விழுந்தது. சங்கிலியின் அய்யா மூன்றாவது வரிசையில், வேட்டியை மடித்துக் கட்டி, கல்யாணத்துக்கு வந்தவர் போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாயக்காள் உள்ளே வரவில்லை. வண்டிகளுக்கு நடுவில் மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டார், அதனால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். கண் சரியில்லை என்று தெரிந்தவளுக்கு அது எப்படிச் சமாதானமாகும்? ஆனால் டாக்டர் நல்லாப் பார்த்தும் ஏற்றியிருக்கிறார் என்றால், தனக்குத் தெரியாத ஏதோ அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மேடையோரத்தில் டாக்டரின் நாற்காலி. அவருக்கு விதிக்கப்பட்ட வேலை எளிமையானது. நடுவர் கூப்பிடும்வரை ஏறக் கூடாது. விழுந்தவனை எண்ணுவது நடுவர். டாக்டர் எண்ணக் கூடாது. யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்கக் கூடாது. நடக்கும்போது கால் பின்னுகிறதா, கை தாழ்கிறதா, மணி அடித்ததும் சொந்த மூலைக்குத் தானாகப் போகிறானா என்று மட்டும் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் ஏறி, போதும் அல்லது போகட்டும் என்று சொல்ல வேண்டும். அவர் போதும் என்றால் போதும். அதற்கு மேல் மேல்முறையீடு இல்லை. அந்தக் கொட்டகையிலேயே அதிகாரம் அதிகமுள்ள மனிதர் அவர்தான்.

மூன்று ரவுண்டு சங்கிலி நன்றாக ஆடினான். எப்போதும் இடது பக்கமாகவே சுற்றினான். எதிரில் நின்ற கோலார்க்காரரைத் தன் வலது கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டே சுற்றினான். சனங்கள் அதைக் கோலார் நடை என்று ரசித்தார்கள். இருவரும் கட்டிக்கொண்டு நின்றபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏலே சங்கிலி, கட்டிப் பிடிக்கவா அம்புட்டுத் தூரம் போன? இங்கனயே ஆளிருக்குல்ல" என்றது. கொட்டகை சிரித்தது. அய்யாவும் சிரித்தார்.

நான்காவது ரவுண்டில் கோலார்க்காரர் கண்டுபிடித்தார். டாக்டர்களைவிடச் சண்டைக்காரர்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். அவருடைய வலது கை ஒருமுறை போய்ப் பட்டது. சங்கிலி அசையக்கூட இல்லை. வருவது தெரிந்தால்தானே அசைவான். மறுமுறை போனது. மூன்றாவது முறை சங்கிலி ஒரு முழங்காலில் விழுந்தான். எண்ணிக்கை ஆறில் எழுந்தான். இடது புருவம் பிளந்திருந்தது. நடுவர் பழைய பட்டாளத்துக்காரர். அவர் கையை உயர்த்திச் சண்டையை நிறுத்தி டாக்டரைப் பார்த்து விரலசைத்தார்.

டாக்டர் கர்ணன் படியேறினார்.

[இருபத்து மூன்று நாளுக்கு முன் நான் எழுதிய முதல் வாக்கியம் இது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் இந்தப் படிக்கு வர நான் போட்ட வழி.]

முகவாயைப் பிடித்து மேற்கு வெயிலின் பக்கம் திருப்பினார். புருவத்தை விரலால் விலக்கினார். வெயில் நேராக இடது கண்ணில் விழுந்தது. கண் கூசவில்லை.

சங்கிலி உதடு அசையாமல் பேசினான். "இன்னும் ரெண்டே ரவுண்டு டாக்டரய்யா. எங்கய்யா வந்திருக்காக. அவுக முன்னாடி எறக்கிராதீக."

எட்டு நொடி. நான் எண்ணிவைத்தது. அதற்கு மேல் தர என்னிடம் இல்லை.

7

முடிவு, ஒன்று. டாக்டர் போதும் என்றார். கொட்டகை முதலில் நம்பவில்லை. பிறகு மண்ணாங்கட்டி பறந்தது. அய்யா எழுந்து, சங்கிலியின் பக்கம் திரும்பாமல், வேட்டியை உதறிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். புருவம் கிழிஞ்சதுக்கெல்லாம் நிறுத்துறதா, இந்த டாக்டரு கோலார்க்காரனுக்கு ஆளு என்று பேசிக்கொண்டார்கள். சங்கிலி மேடையின் நடுவில் கையுறையோடு நின்றான். அவிழ்க்க யாரையும் விடவில்லை. உயிரோடு இருந்தான். அதற்காக யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

முடிவு, இரண்டு. டாக்டர் போகட்டும் என்றார். அய்யாவின் முகம் மலர்ந்ததை அவர் இறங்கும்போது பார்த்தார். ஐந்தாவது ரவுண்டு. வலது கை வந்தது. சங்கிலி விழுந்த விதத்தில் டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நடுவர் எண்ணத் தொடங்கியபோது அவர் ஏற்கனவே கயிற்றுக்குள் இருந்தார். இப்போது டார்ச்சை எடுத்தார். ஒரு பாப்பா சுருங்கியது, ஒன்று —

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மூன்று முறை முயன்றேன்.]

இரண்டையும் உங்களிடமே வைக்கிறேன். முதலாவது கொஞ்சம் நேர்மையானது என்று ஒருநாள் தோன்றுகிறது. மேடைக்கு ஏற்றியவரே இறக்கினால் அது என்ன நேர்மை என்று மறுநாள் தோன்றுகிறது. எந்த முடிவை எடுத்துக்கொண்டாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. அதை மட்டும் நான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை மாயக்காள் டிஸ்பென்சரிக்கு வந்தாள். இந்த முறை வண்டி வாசலில் நின்றது. முதல் முடிவென்றால் வண்டி காலியாக இருந்தது. புருசன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இரண்டாவதென்றால் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் அவன் கிடந்தான். மதுரைக்குக் கொண்டுபோகிற வழி. இரண்டிலும் அவள் பெஞ்சில் உட்காரவில்லை.

ராக்கையா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார். விரலைப் பிடித்ததை, மூடிய கையைக் கண்டு பத்து என்று அமுக்கியதை. சொல்லிவிட்டுச் சோறு தின்னாமல் மாட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் அவரோடு இனிமேல் பேசுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த முடிவு டாக்டர் சொல்லப்போகிற ஒரு பதிலில் இருந்தது.

"எங்கண்ணன் ஏமாத்திருச்சு," என்றாள். குரல் உயரவில்லை. "நீங்களும் ஏமாந்துதேன் போனீகளா? துண்டுக்குள்ள நடந்தது ஒங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போயிர்றேன்."

எளிதான பதில். தஞ்சாவூர் இன்னும் என் குறிப்பேட்டில் இருந்தது. தெரியாது என்று அவர் சொன்னால், அந்த ஊரை இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப்போய் நிரப்பிவிடுவேன். பழி முழுக்க ராக்கையாவின் தலையில் இறங்கும். அவரும் மறுக்க மாட்டார்.

டாக்டர் கையிலிருந்த புட்டியை மேசையில் வைத்தார். ஆறு வருடமாகக் கம்பத்தில் யாரிடமும் பேசாத பேச்சில் பேசினார்.

"எனக்கு ஆண்டிபட்டி, ஆத்தா. எங்கய்யா மாட்டுத் தரகரு. துண்டு மூடுன கையப் பக்கத்துல நிக்கிறவன் பாக்கக் கூடாது, பாத்தாலும் வெளிய சொல்லக் கூடாதுன்னு அடிச்சு வளத்தாக. பத்துன்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பழக்கத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். திரும்பிப் பாத்திருக்கணும், பாக்கல. தெரிஞ்சுதேன் கையெழுத்துப் போட்டேன்."